கொலு பொம்மையைச் சுரண்டியது யார்? பரணில் குடியிருக்கும் ராமபாணப் பூச்சி!

புரட்டாசி அமாவாசைக்கு முந்தைய வாரம், மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியுள்ள வீடுகளில் பரண் காலியாகும் வாரம். ஸ்டூல் போட்டு ஒருவர் ஏறி அட்டைப் பெட்டிகளை இறக்க, இன்னொருவர் கீழே நின்று வாங்கி வைப்பார். போன வருஷத்து நியூஸ்பேப்பரைப் பிரித்தால் உள்ளே தசாவதார செட், செட்டியார் தம்பதி, கல்யாண கோஷ்டி. சில பெட்டிகளில் மட்டும், பேப்பரைப் பிரித்த உடனே வெள்ளிக் கம்பித் துண்டு போல ஏதோ ஒன்று சரேலென ஓடி அடுத்த மடிப்புக்குள் மறையும். பெட்டியின் அடியில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புத் துகள்கள். பொம்மையைத் திருப்பிப் பார்த்தால், வர்ணம் பூசாத அடிப்பாகம் சொரசொரவென்று சுரண்டப்பட்டிருக்கும்.

களிமண் பொம்மை என்றால் பயமில்லை. மண்ணை அது தின்னாது. காகிதக் கூழ் பொம்மைதான் கவலை. காகிதமும் மாவுப் பசையும் சேர்ந்த உடம்பு அதற்கு. இரண்டுமே இந்தப் பூச்சிக்கு இஷ்டமான சாப்பாடு. நவராத்திரி சீசனில் வடக்கு மாட வீதியில் எத்தனை பொம்மைக் கடை போட்டாலும், பாட்டி தன் கல்யாணத்துக்குச் சீராகக் கொண்டுவந்த ராமர் பட்டாபிஷேக செட்டுக்கு அங்கே மாற்று கிடைக்காது.

பொம்மை மட்டுமா? தாத்தாவின் பைண்டு செய்த தொடர்கதைகள், கல்யாண ஆல்பம், ஜாதகக் கட்டு, வீட்டுப் பத்திரம், கஞ்சி போட்டு மடித்து வைத்த காட்டன் புடவை என்று ஒரு குடும்பம் பத்திரமாக எடுத்து வைக்கும் எல்லாமே இதன் மெனுவில் இருக்கிறது.

பேரே ஒரு குழப்பம்

ஆங்கிலத்தில் ‘சில்வர் ஃபிஷ்’ என்கிறார்கள். மீனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உடம்பில் செதில் மினுக்குவதாலும், மீன் நீந்துவது போல வளைந்து வளைந்து ஓடுவதாலும் வந்த பெயர். தமிழில் வெள்ளிப்பூச்சி என்று எழுதினாலும் பெரியவர்கள் சொல்லும் பெயர் ராமபாணம். (மல்லிகையில் ஒரு வகைக்கும் இதே பெயர் உண்டு. பூக்காரம்மாவிடம் கேட்டால் அது வேறு!) ராமன் விட்ட ஒரே அம்பு ஏழு மராமரங்களைத் துளைத்துப் போனது போல, கனத்த புத்தகத்தின் முன் அட்டையில் நுழைந்து பின் அட்டையில் வெளியே வருவதால் இந்தப் பெயர் என்று விளக்கம் சொல்வார்கள்.

அழகான விளக்கம்தான். ஆனால், புத்தகத்தில் அப்படித் துளை போடுவது இந்த வெள்ளிப்பூச்சி இல்லை!

இந்தப் பழியை நாம் மட்டும் போடவில்லை. லண்டனில் 1665-ல் வெளியான ‘மைக்ரோகிராஃபியா’ என்ற புத்தகத்தில் ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து இதே பூச்சியைப் படமாக வரைந்திருக்கிறார். புத்தகங்களைத் துளைக்கும் புழு இதுதான் என்று அவரும் எழுதி வைத்தார். பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படுவது ஓடுகிற வெள்ளிப்பூச்சிதான். தாளுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் நிஜக் குற்றவாளி கண்ணில் படாது. அதனால் பழி இதன் தலையில்.

யார் செய்த வேலை என்று தெரிந்தால்தான் வைத்தியமும் சரியாக இருக்கும். சேதத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

தாளின் மேற்பரப்பு மட்டும் ஆடு மேய்ந்த புல்தரை மாதிரி அங்கங்கே மெலிந்து, ஓரங்கள் கோணல்மாணலாக அரிக்கப்பட்டிருந்தால் அது வெள்ளிப்பூச்சி. இது சுரண்டித் தின்னும் ஜாதி. அட்டையில் பசை தடவிய இடம், லேபிள், புத்தக முதுகு இவற்றில்தான் முதலில் கை வைக்கும். குண்டூசி குத்தியது போல வட்டமான துளைகள் பக்கம் பக்கமாகத் தொடர்ந்து போய், கூடவே மாவு போலத் தூள் கொட்டினால், அது ஒரு சின்னஞ்சிறு வண்டின் புழு. நிஜமான ‘ராமபாணம்’ விட்டவர் இவர்தான். மண் பூசிய கோடுகள் சுவரில் ஏறி, புத்தகத்தின் நடுப்பகுதியே குகை மாதிரி காணாமல் போயிருந்தால் கரையான். அதைத்தான் செல்லரித்தது என்கிறோம். பட்டுப் புடவையிலும் கம்பளியிலும் அங்கங்கே ஓட்டை என்றால் பெரும்பாலும் அந்துப்பூச்சி அல்லது வேறொரு வண்டின் புழு. வெள்ளிப்பூச்சிக்குப் பட்டைவிடக் கஞ்சி போட்ட பருத்திதான் பிடிக்கும்.

கரையான் என்று தெரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் ஆளைக் கூப்பிட வேண்டும். அது வீட்டையே பிடிக்கும். வெள்ளிப்பூச்சிக்கு அந்தப் பதற்றம் தேவையில்லை. ஒரே ராத்திரியில் பீரோவைக் காலி செய்கிற பூச்சி இல்லை இது. மெதுவாக, வருஷக்கணக்கில் தின்னும். நமக்கு அவகாசம் உண்டு.

டைனோசருக்கும் மூத்தது

இறக்கை என்ற ஒன்று பூச்சிகளுக்கு வருவதற்கு முன்பே பிரிந்து வந்த பரம்பரை இது. டைனோசர்கள் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே இதன் மூதாதையர் பூமியில் ஓடிக்கொண்டிருந்தார்கள். உடம்பின் அமைப்பும் பெரிதாக மாறவில்லை: கேரட் மாதிரி முன்பக்கம் அகன்று பின்பக்கம் குறுகிய உடல், நீண்ட இரண்டு உணர்கொம்புகள், பின்னால் மூன்று வால் இழைகள். பொதுவாக ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளின் வீடுகளில் சாம்பல் நிறத்தில், வால் இன்னும் நீளமாக ஒரு இனமும் உண்டு. அது சற்றே பெரியது.

பெரும்பாலான பூச்சிகள் வளர்ந்து முடிந்ததும் தோல் உரிப்பதை நிறுத்திவிடும். இது சாகும்வரை தோலை உரித்துக்கொண்டே இருக்கும். பெட்டியில் கிடக்கும் கண்ணாடி போன்ற சருகுகள் அதுதான். ஆயுளும் அதிகம். கரப்பான் மாதிரி மாதக்கணக்கு இல்லை, வருஷக்கணக்கு. ஈரம் மட்டும் இருந்தால் சாப்பாடே இல்லாமல் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும். போன நவராத்திரிக்குக் கட்டி வைத்த பெட்டியில் இந்த நவராத்திரிக்கும் அதே ஆள் உயிரோடு இருக்கலாம் என்றால் பாருங்கள்.

காகிதத்தைச் செரிப்பது சுலபமான காரியமில்லை. கரையான்கள் பலவும் அதற்கு வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களின் தயவை நம்பியிருக்கின்றன. வெள்ளிப்பூச்சி இனங்களோ அதற்கான நொதியைத் தாங்களே சுரப்பவை.

இவ்வளவு சொன்ன பிறகு அதற்கு ஒரு நியாயமும் சொல்லிவிடலாம். இது கடிக்காது, கொட்டாது, நோயைப் பரப்பாது. இதன் உதிர்ந்த செதில்கள் சிலருக்கு ஒவ்வாமையைத் தூண்டலாம், அவ்வளவுதான். பொருளுக்குத்தான் எதிரி; ஆளுக்கு இல்லை.

சாப்பாடு இல்லை... ஈரம்தான் விஷயம்

‘வீட்டைச் சுத்தமாத்தானே வெச்சிருக்கேன், எப்படி வந்தது?’ என்பது பல இல்லத்தரசிகளின் ஆதங்கம். சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. காகிதம், பசை, பருத்தி இல்லாத வீடு எங்கே இருக்கிறது? சாப்பாடு எல்லா வீட்டிலும் இருக்கிறது. இது குடித்தனம் நடத்துமா, இல்லையா என்று முடிவு செய்வது காற்றில் உள்ள ஈரம். வீடுகளில் தொல்லை தரும் வெள்ளிப்பூச்சிக்கு 75 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் கொண்டாட்டம். சாம்பல் நிற இனம் அதைவிடக் குறைவான ஈரத்திலும் சமாளிக்கும். ஈரம் குறையக் குறைய முட்டை பொரிப்பதும் குஞ்சு பிழைப்பதும் கடினமாகிவிடும்.

கடலோர ஊரான சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையின்போது காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். அதிலும் மயிலாப்பூரில் இருப்பது இரண்டு விதமான வீடுகள். ஒன்று, மரத் தூலத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு. மழைக்கு ஓதம் காத்து, சுவர் அலமாரியின் பின்பக்கம் எப்போதும் ஜில்லென்று இருக்கும். இன்னொன்று, அந்த வீட்டை இடித்துக் கட்டிய அபார்ட்மென்ட். அங்கே பரண் அனேகமாகப் பாத்ரூமுக்கு மேலே இருக்கும். குளிக்கிற நீராவி, கசிகிற குழாய், திறக்காத கதவு. வெள்ளிப்பூச்சியே ஆர்க்கிடெக்ட்டிடம் சொல்லிக் கட்டிக்கொண்டது போல!

பழைய வீட்டில்தான் இது வரும் என்றும் எண்ண வேண்டாம். சாம்பல் நிற இனம் கடந்த சில வருஷங்களாக நார்வே போன்ற குளிர் நாடுகளிலேயே புத்தம் புதிய அடுக்குமாடிகளில் பரவி, அங்கே ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து யோசிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. பொருட்களோடு அட்டைப் பெட்டிகளில் பயணம் செய்வது இதற்குக் கைவந்த கலை. ஆன்லைனில் வாங்கிய அட்டைப் பெட்டியை ‘எதுக்காவது ஆகும்’ என்று பரணில் ஏற்றும் பழக்கம் யாருக்கு இருக்கிறது என்று எல்லோரும் அவரவர் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

பாச்சை உருண்டை வேண்டவே வேண்டாம்

பூச்சியைப் பார்த்ததும் முதலில் கை போவது பாச்சை உருண்டைக்கு. நாப்தலீன் என்ற அந்த ரசாயனம் மூடிய பெட்டியில் அந்துப்பூச்சிக்கு ஓரளவு வேலை செய்யும். திறந்து மூடும் அலமாரியில் இரண்டு உருண்டை போட்டால் வெள்ளிப்பூச்சி நகர்ந்து உட்காரும்; சாகாது. வீட்டுக்குள் மூச்சுக் காற்றில் கலப்பதுதான் மிச்சம்.

இதில் நம் வீடுகளுக்கே உரிய ஓர் ஆபத்தும் இருக்கிறது. பிறந்த குழந்தையைப் பழைய, மெத்தென்ற வேட்டித் துணியில் சுற்றுவது நம் வழக்கம். அந்தத் துணி பாச்சை உருண்டை போட்ட பீரோவிலிருந்து நேராக வந்தால்? ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, நாப்தலீன் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சள்காமாலை வரலாம். குறைபாடு இருப்பது முன்கூட்டித் தெரியாது. தவழும் குழந்தை மிட்டாய் என்று எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும் அபாயம் வேறு. கைக்குழந்தை உள்ள வீட்டில் இந்த உருண்டைக்கு இடமே இருக்கக் கூடாது.

கரப்பான் ஸ்பிரேயைப் புத்தகத்தின் மீதோ பொம்மையின் மீதோ அடிக்காதீர்கள். கண்ணில் பட்ட நாலு பூச்சி சாகும், கறை நிரந்தரமாகத் தங்கும். புத்தகங்களை மொட்டை மாடி வெயிலில் காயப்போடுவதும் வேண்டாம். தாள் மஞ்சளித்து நொறுங்கும், பொம்மையின் வர்ணம் வெளுக்கும். காற்றோட்டமான நிழல் போதும்.

வீட்டை அல்ல, பெட்டியை உலர வையுங்கள்

ஏ.சி.யோ ஈரம் உறிஞ்சும் மெஷினோ இல்லாமல், மழைக்காலச் சென்னையில் ஒரு வீடு முழுவதையும் உலர்வாக வைத்திருப்பது நடக்காத காரியம். அதற்காகப் போராடுவதைவிட, முக்கியமான பொருள் இருக்கும் பெட்டிக்குள் மட்டும் வறட்சியை உண்டாக்குவது சுலபம்.

ரப்பர் வளையம் வைத்து இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டிகள் இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கின்றன. அட்டைப் பெட்டிக்குப் பதில் அவற்றில் பொம்மைகளை வையுங்கள். பழைய வேட்டியில் சுற்றுவதானால், கஞ்சிப் பசை முழுக்கப் போகத் துவைத்து நன்றாகக் காய வைத்த வேட்டியாக இருக்கட்டும். கஞ்சியோடு சுற்றினால் விருந்துக்கு இலை போட்டது மாதிரி. கூடவே சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளை உள்ளே போடுங்கள். ஈரம் ஏறியதும் நிறம் மாறும் ரகத்தை வாங்கினால் எப்போது மாற்றுவது என்று தெரியும். ஆரஞ்சு நிறம் நல்லது. நீல நிற ரகத்தில் உள்ள கோபால்ட் உப்பு உடலுக்குக் கெடுதல். ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம்: ஈரமான பொருளை இறுக்கமான பெட்டியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அதனால் நவராத்திரி முடிந்த கையோடு, அடைமழை நாளில் பொம்மையைக் கட்டி வைக்க அவசரப்படக் கூடாது. மழை விட்ட நாளாகப் பார்த்து, ஃபேன் காற்றில் அரை நாள் வைத்து, பிறகு மூடலாம்.

புத்தக அலமாரியை வெளிச்சுவரிலிருந்தும் பாத்ரூம் சுவரிலிருந்தும் நாலு விரற்கடை தள்ளிப் போட்டால் பின்னால் காற்று ஓடும். அடித்தட்டு தரையைத் தொடக் கூடாது. சுவரில் ஓதம் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் எந்த மருந்தும் நிலைக்காது. சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி விற்கிறார்கள். அதை வாங்கி அலமாரியின் மூலையில் வைத்துப் பாருங்கள். 60-க்குக் கீழே இருந்தால் நிம்மதி.

பூச்சி எங்கே அதிகம் என்று கண்டுபிடிக்கக் காசே செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. வழவழப்பான செங்குத்துப் பரப்பில் இதற்கு ஏற வராது. பாத்ரூம் பேசினுக்குள் விழுந்தால் வெளியே வர முடியாமல் தவிப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலின் வெளிப்புறம் முழுக்கக் காகித டேப் அல்லது நியூஸ்பேப்பரைச் சுற்றி ஒட்டுங்கள். உள்ளே ஒரு துண்டு பிரெட்டோ ஒரு சிட்டிகை கோதுமை மாவோ போட்டு, மூடாமல் பரண் மூலையில் ராத்திரி வையுங்கள். காகிதத்தைப் பிடித்து ஏறி உள்ளே இறங்கும். கண்ணாடியில் திரும்பி ஏற முடியாது. காலையில் எண்ணிப் பார்த்தாலே எந்த அறையில் ஈரம் அதிகம் என்று ரிப்போர்ட் கிடைத்துவிடும். பல்லிகளும் சிலந்திகளும் சம்பளம் வாங்காமல் இதே வேலையைச் செய்கின்றன. பல்லி விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் இந்தப் பலனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே பூச்சி புகுந்த புத்தகத்துக்கும் துணிக்கும் ஃப்ரீசர் வைத்தியம் உண்டு. உலகமெங்கும் நூலகங்களும் மியூசியங்களும் கடைப்பிடிக்கும் முறைதான். பொருள் உலர்ந்திருக்க வேண்டும். ஜிப் லாக் கவரில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். முட்டை உட்பட எல்லாம் செத்துவிடும். எடுத்த உடனே கவரைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் வெளியே வைத்து, குளிர் முழுக்கப் போன பிறகு திறந்தால்தான் தாளில் தண்ணீர் கோக்காது. வர்ணம் பூசிய பொம்மைக்கும் பழைய போட்டோவுக்கும் இந்த முறை வேண்டாம்.

இதையெல்லாம் செய்தும் எண்ணிக்கை குறையவில்லை என்றால் பெஸ்ட் கன்ட்ரோல்காரரைக் கூப்பிடலாம். அப்போது ‘பூச்சி மருந்து அடிக்கணும்’ என்று பொதுவாகச் சொல்லாமல், வெள்ளிப்பூச்சி என்றே சொல்லுங்கள். இதற்கு மருந்து போட வேண்டியது கிச்சன் சிங்க்குக்கு அடியில் அல்ல. பரண் இடுக்கிலும், சுவர் விரிசலிலும், அலமாரிக்குப் பின்னாலும்.

வசம்பும் மயில்துத்தமும்

தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் ஒரு பழைய முறை புழக்கத்தில் இருக்கிறது. வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றைப் பொடித்து, சூடம் சேர்த்து, சின்னத் துணி முடிச்சுகளாகக் கட்டிச் சுவடிகளுக்கும் புத்தகங்களுக்கும் நடுவில் வைப்பார்கள். ஓலைச்சுவடிகளுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவதும் உண்டு. அந்தக் கால பைண்டிங் கைவினைஞர்கள் மைதா பசை காய்ச்சும்போது அதில் மயில்துத்தம் கலப்பார்கள்; பூச்சி அந்தப் பசையைத் தொடாது. (மயில்துத்தம் விஷம். வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.)

வசம்பு முடிச்சை வீட்டிலேயே செய்யலாம். கச்சேரி ரோட்டில் டப்பா செட்டி கடை போன்ற நாட்டு மருந்துக் கடைகளில் இந்தச் சாமான்கள் எல்லாமே கிடைக்கும். ‘பேர் சொல்லாதது’ என்று கேட்டாலும் வசம்பு என்று புரிந்துகொள்கிற கடைகள் அவை. இந்த வாசனை பூச்சியை விரட்டுமே தவிர கொல்லாது. வாசனை போனதும் பலனும் போய்விடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

வாசனையைவிடப் பெரிய பலன் இன்னொன்றில் இருக்கிறது. முடிச்சை மாற்றுவதற்காக யாரோ ஒருவர் கட்டைப் பிரித்து, தூசி தட்டி, பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டுகிறாரே, அது. சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை இறக்கித் துடைத்து அடுக்குவதும் பூச்சியின் பார்வையில் ஒரு ரெய்டுதான். யாரும் தொடாத இருட்டில்தான் அது பெருகும். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகத் தேடி அலைந்த ஏடுகளில் எத்தனையோ, வீட்டுப் பரண்களில் பிரிக்கப்படாமலே கிடந்து பூச்சிக்கு இரையானவை. அவர் காப்பாற்றியவை இன்று பெசன்ட் நகரில், 1943-ல் அவர் பெயரில் தொடங்கிய நூலகத்தில் இருக்கின்றன. 1886-ல் தொடங்கிய அடையாறு நூலகமும், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா நூலகமும் பழைய சுவடியையும் அச்சையும் காப்பதையே வேலையாகக் கொண்டவை. தாத்தாவின் அலமாரியில் அபூர்வமான பழைய பதிப்பு ஏதாவது இருந்து, வீட்டில் பராமரிக்க முடியாது என்றால், எடைக்குப் போடும் முன் இத்தகைய நூலகம் ஒன்றில் கேட்டுப் பார்க்கலாம்.

பத்திரத்தைப் பூச்சி அரித்துவிட்டால்...

அரித்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில வருஷங்களில் அதன் பசை பழுப்பேறி எழுத்தையே மறைத்துவிடும். சூடாக்கி லேமினேட் செய்வதும் கூடாது. பிறகு பிரிக்கவே முடியாது. மென்மையான பிரஷ்ஷால் துகள்களைத் தட்டிவிட்டு, முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு சுத்தமான இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே மடிக்காமல் வைத்து, இறுக்கமாக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பதிவான பத்திரம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றளிக்கப்பட்ட நகல் வாங்கலாம். பதிவுத் துறை இணையதளத்திலும் விண்ணப்பிக்க வழியிருக்கிறது. பத்திர எண், பதிவான வருஷம், சார்பதிவகத்தின் பெயர் மூன்றும் தெரிந்தால் வேலை சுலபம். அவற்றை இன்றே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நோட்டு பரணில் வேண்டாம்.